மெசியா ஏன் பாடுபட வேண்டும்? சிலுவைப்பாதையின் வரலாறு

எங்கள் கடற்கரை ஊர்க் கோவிலின் உட்சுவரில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு சிலுவைப்பாதைப் படங்கள் இருக்கின்றன; ஒவ்வொன்றும் ஒரு நிலை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பங்குச்சாமியார், சிலுவை பிடித்த பையனுக்கும் மெழுகுதிரிப் பையன்கள் இருவருக்கும் பின்னால் படத்துக்குப் படம் நகர்வார். சனம் இருந்த இடத்திலேயே திரும்பித் திரும்பி முழந்தாளிடும். சிறுவயதில் நானும் மெழுகுதிரி பிடித்தவன்தான். பிறகு பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றேன். அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடத் தொடங்கியது வாத்தியார் வேலைக்கு வந்த பிறகுதான்.

பதினான்கில் ஐந்து காட்சிகள் நான்கு நற்செய்தி நூல்களில் எதிலும் கிடையாது. மூன்று முறை கீழே விழுதல், வழியில் தாயைச் சந்தித்தல், வெரோணிக்கா முகத்தைத் துடைத்தல் ஆகியவை அவை. இறந்த மகனைத் தாய் மடியில் ஏந்தும் பதின்மூன்றாம் நிலையையும் சேர்த்தால் ஆறு. இதைச் சொன்னால் பக்தியுள்ளவர்கள் சிலர் முகம் வாடுகிறார்கள். வாடத் தேவையில்லை. இந்தப் பாதை ஒரே நாளில் ஒருவர் எழுதிவைத்ததல்ல. ஒரே ஒரு கேள்வியை ஆயிரத்து எழுநூறு ஆண்டுகள் விடாமல் சுமந்த மக்கள், அதை நடந்து நடந்து உண்டாக்கினார்கள். கடவுள் அனுப்பிய மெசியா ஏன் அடிபட்டுச் சாக வேண்டும் என்பதே அந்தக் கேள்வி.

இன்று நமக்கு அது கேள்வியாகவே தோன்றுவதில்லை. சிலுவையைக் கழுத்தில் போட்டுப் பழகிவிட்டோம். முதல் நூற்றாண்டு எருசலேமில் ஒருவன் நின்று 'சிலுவையில் செத்த மெசியா' என்று சொல்லியிருந்தால், கேட்டவர்களுக்கு அந்தச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது. ரோமத் தளபதி பாம்பே கி.மு. 63-ல் எருசலேமைப் பிடித்தான். அந்தக் காயம் ஆறாத காலத்தில் எழுதப்பட்ட யூதப் பாடல் தொகுப்பு ஒன்று சாலமோனின் பெயரில் வழங்குகிறது. அதன் 17-ஆம் பாடல் எதிர்பார்ப்பது, தாவீதின் வழிவந்து அந்நியரைத் துரத்தி நகரைத் தூய்மையாக்கும் ஓர் அரசனை. யூதர் எல்லாரும் ஒரே மாதிரி எதிர்பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் மெசியா எதிரியின் கையில் அகப்பட்டுச் செத்துப்போவான் என்று காத்திருந்தவர்கள் குறிப்பிடத்தக்க எண்ணிக்கையில் இருந்ததற்குத் தடயம் இல்லை. கி.பி. 132 முதல் 135 வரை ரோமை எதிர்த்துப் போரிட்ட சிமோன் பார் கோக்பாவை, பெரிய அறிஞரான ரபி அக்கீவா மெசியா என்று வாழ்த்தியதாக யூத மரபு சொல்கிறது. பெத்தார் கோட்டை விழுந்து பார் கோக்பா மாண்டதும் அந்த நம்பிக்கையும் அவரோடு முடிந்தது. செத்தால் மெசியா இல்லை. கணக்கு அவ்வளவு தெளிவு.

அதிலும் சிலுவைச் சாவு. கி.மு. 71-ல் ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கலகத்தை அடக்கிய ரோமத் தளபதி கிராசுஸ், பிடிபட்ட 6000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரமாய் அறைந்து நிறுத்தினான். கி.மு. 4-ல் ஏரோது இறந்த பின் எழுந்த கிளர்ச்சியை அடக்க வந்த ரோம ஆளுநர் வாருஸ், யூதர்கள் சுமார் 2000 பேரைச் சிலுவையில் ஏற்றியதாக யோசேப்பு என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதுகிறார். கி.பி. 70-ல் ரோமத் தளபதி தீத்து எருசலேமை முற்றுகையிட்டபோது, பசிக்கு உணவு தேடி மதிலுக்கு வெளியே வந்து பிடிபட்டவர்கள் நாளொன்றுக்கு 500 பேரும் அதற்கு மேலும் அறையப்பட்டார்கள். சிலுவை நட இடமும் போதவில்லை, உடல்களுக்குச் சிலுவையும் போதவில்லை என்கிறார் யோசேப்பு. 1968-ல் எருசலேமின் வடகிழக்கே ஒரு குகைக் கல்லறையில் யெகோகனான் என்ற பெயர் பொறித்த எலும்புப் பெட்டி கிடைத்தது. அதிலிருந்த குதிகால் எலும்பில் 11 செண்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள இரும்பாணி இன்னும் பாய்ந்தபடியே இருந்தது. ஆணியின் முனை வளைந்துபோனதால் பிடுங்க முடியாமல் அப்படியே புதைத்திருக்கிறார்கள். அந்த எலும்பின் படத்தைப் பார்த்த பிறகு, எங்கள் கோவிலில் ஆணியறையும் பதினோராம் நிலைப் படத்தை முன்போல என்னால் பார்க்க முடிந்ததில்லை.

இவர்களில் ஒருவராகத்தான் நாசரேத்து இயேசுவும் இறந்தார். தீர்ப்பிட்ட ரோம ஆளுநர் பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-ல் கடலோரச் செசரியாவில் கிடைத்தது.

லூக்கா நற்செய்தியில், இயேசு இறந்தபின் எம்மாவு என்ற ஊருக்குச் செல்லும் சீடர்கள் இருவர் வருகிறார்கள். எருசலேமிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தூரம். இஸ்ரயேலை மீட்பவர் இயேசுவே என்று நம்பியிருந்தோம் என்று முன்பின் அறியாத வழிப்போக்கர் ஒருவரிடம் சொல்லிப் புலம்புகிறார்கள். அந்த வழிப்போக்கர், மெசியா பாடுபட்டுத்தானே மாட்சிக்குள் போக வேண்டும் என்று கேட்டு, மோசே தொடங்கி இறைவாக்கினர் வரை எடுத்து விளக்குகிறார். அவர் உயிர்த்த இயேசு என்பது அப்பம் பிட்டபோதுதான் அவர்களுக்குத் தெரிகிறது. இந்தக் கதையில் நான் எப்போதும் நின்று யோசிக்கும் இடம் ஒன்று உண்டு. ஆண்டவர் உயிர்த்துவிட்டார் என்றால் துயரம் தீர்ந்துவிட்டது, பிறகு சாவைப் பற்றி ஏன் இவ்வளவு நீண்ட பாடம்? யோசிக்க யோசிக்க ஒன்று புரிந்தது. சாவைக் கேள்வியாக்கியதே உயிர்ப்புதான். கடவுளால் எழுப்ப முடிந்திருக்கிறது. அப்படியானால் முந்திய வெள்ளிக்கிழமையே காப்பாற்றியிருக்கலாமே? காப்பாற்றவில்லை என்றால் அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். கி.பி. 50-களில் கொரிந்து சபைக்கு எழுதும் பவுல், மறைநூலின்படி நம் பாவங்களுக்காக மெசியா இறந்தார் என்பதைத் தான் பிறரிடமிருந்து பெற்றுக்கொண்ட செய்தியாகவே ஒப்படைக்கிறார். ஆக, நிகழ்ச்சி நடந்து இருபது ஆண்டுக்குள், அநேகமாக அதற்கும் வெகுமுன்பே, அந்தப் பதில் வாய்வழி மரபாகிவிட்டது.

பதிலின் நடுவில் நின்றது எசாயா நூலின் 53-ஆம் அதிகாரம். இழிவுபடுத்தப்பட்டு, மற்றவர்களின் குற்றங்களைச் சுமந்து சாகும் ஊழியனைப் பற்றியது. கிறிஸ்தவர்கள் பிறகு எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள் என்று யாரும் சொல்ல இயலாது. 1947-ல் சாக்கடல் ஓரக் குகையில் கிடைத்த எசாயா சுருள் இயேசுவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தியது. அந்த அதிகாரம் அதில் இருக்கிறது. அந்த ஊழியன் யார் என்பதில்தான் பிரிவு. 11-ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராஷி, துன்புறும் இஸ்ரயேல் மக்களையே அந்த ஊழியன் குறிக்கிறான் என்று எழுதினார். அவர் காலத்தில் அவருடைய மக்கள் பட்ட பாட்டைப் பிறகு சொல்கிறேன். அதைப் படித்தால் அவர் உரையின் கனம் விளங்கும்.

சாவு தேவை என்று சொன்னவர்கள் அதை விரும்பத்தக்க ஒன்றாகச் சொல்லவில்லை என்பதும் முக்கியம். மாற்கு நற்செய்தியில், மானிட மகன் பாடுபட்டாக வேண்டும் என்று இயேசு முதன்முறை சொன்னதும் பேதுரு அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறார், கடுமையாகத் திட்டும் வாங்குகிறார். அதே நற்செய்தியில், கெத்சமனித் தோட்டத்தில், உம்மால் எல்லாம் முடியும், இந்தக் கிண்ணத்தை என்னைவிட்டு அகற்றும் என்று இயேசுவே மன்றாடுகிறார். பாடுபட வேண்டும் என்று சொன்னவரே அதிலிருந்து விடுபடக் கேட்கிறார். இந்த இரண்டையும் ஒரே நூலில் வைத்த மாற்குக்கு நான் கடன்பட்டவன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டவர்களால் வந்த கேடு பெரிது.

எருசலேமுக்கு வடக்கே, இன்று நாபுலுஸ் என்று வழங்கும் ஊரில் பிறந்தவர் யுஸ்தீன். தத்துவம் கற்று, கிறிஸ்தவராகி, சுமார் 165-ல் ரோமில் தலை வெட்டுண்டு இறந்தவர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, திரிபோ என்ற யூதரோடு நடந்த உரையாடலாக ஒரு நீண்ட நூலை எழுதினார். திரிபோ, பார் கோக்பா போரிலிருந்து தப்பி வந்தவராக அந்நூலில் அறிமுகமாகிறார். செத்துப்போன ஒரு மெசியாவின் சாம்பல் காலில் ஒட்டியிருக்கும் மனிதர். யுஸ்தீன் வசனத்துக்கு மேல் வசனமாக அடுக்குகிறார். ஒரு கட்டத்தில் திரிபோ, மெசியா பாடுபடுவார் என்று மறைநூல் சொல்வதை ஒத்துக்கொள்கிறார். ஆனால் சிலுவையிலா? மரத்தில் தொங்கவிடப்பட்டவன் சபிக்கப்பட்டவன் என்று திருச்சட்டம் சொல்கிறதே; இவ்வளவு அவமானமான சாவு அவருக்கு வேண்டியிருந்தது என்பதை நிறுவிக் காட்டுங்கள் என்று கேட்கிறார். நூலை எழுதியவர் யுஸ்தீன்தான். எதிராளியின் வாயில் எந்தச் சொல்லையும் அவர் வைத்திருக்கலாம். இருந்தும் கிறிஸ்தவத்துக்கு வரக்கூடிய மிகக் கூர்மையான கேள்வியை அவர் வாயில் வைத்தார். இருவரும் கடைசிவரை உடன்படவில்லை. ஒருவருக்கொருவர் நலம் வேண்டிப் பிரிகிறார்கள். இதற்குப் பின் வந்த நூற்றாண்டுகளில் இப்படி ஒரு பிரிவைக் காண்பது அரிது.

அந்த அவமானம் வெறும் வாதத்தில் இருந்ததல்ல. ரோமின் பலத்தீன் குன்றில் 1857-ல் சுவர்க்கீறல் ஒன்று வெளிப்பட்டது. காலம் சுமார் கி.பி. 200. கழுதைத் தலையுடன் ஒருவன் சிலுவையில் தொங்க, கீழே ஒருவன் கையுயர்த்தி நிற்கிறான். அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான் என்று கிரேக்கத்தில் கிறுக்கியிருக்கிறது. அறையப்பட்ட இயேசுவின் உருவமாக நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று இந்தக் கேலிப்படம். கிறிஸ்தவர்கள் தாங்களே பலர் காண அந்தக் காட்சியைச் செதுக்கத் துணிந்தது கி.பி. 430 வாக்கில், ரோமின் சாந்த சபீனா கோவில் மரக்கதவில். அதற்குள் சிலுவைத் தண்டனை வழக்கொழிந்து, அதை நேரில் பார்த்தவர்கள் எல்லாரும் இறந்து போயிருந்தார்கள்.

இனி எருசலேமுக்கு. 135-க்குப் பின் ரோமப் பேரரசன் ஹாத்ரியன் அந்த நகரை ரோம நகரமாக மாற்றிக் கட்டினான். இயேசுவின் கல்லறை என்று நம்பப்பட்ட இடத்தின் மேல் ரோமத் தெய்வத்துக்குக் கோவில் எழுந்தது. கிறிஸ்தவத்தை ஆதரித்த பேரரசன் கான்ஸ்டன்டைன் அதை இடித்துக் கட்டிய பேராலயம் 335-ல் நேர்ந்தளிக்கப்பட்டது. அதன்பின் சுமார் ஐம்பது ஆண்டுக்குள், 381-க்கும் 384-க்கும் இடையில், மேற்குத் திசையிலிருந்து எஜேரியா என்ற பெண் திருப்பயணி வந்து தங்கி, கண்டதையெல்லாம் தன் ஊர்ச் சகோதரிகளுக்கு எழுதினார். அந்தக் கைப்படியின் ஒரு பகுதி 1884-ல் இத்தாலியின் அரேத்சோ நகர நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. பெரிய வெள்ளியன்று எருசலேமில் என்ன நடந்தது என்பதை ஒரு பெண்ணின் கண்ணால் நாம் அறிகிறோம் என்பதே எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

வியாழன் இரவு முழுதும் சனம் ஒலிவ மலையில் விழித்திருக்கிறது. நள்ளிரவுக்குப் பின் கெத்சமனிக்கு இறங்குகிறது. பட்டினியாலும் விழிப்பாலும் களைத்த கூட்டம், கிழவரும் குழந்தைகளும் உட்பட, மெதுவாக நடந்து விடியும் நேரத்தில் நகருக்குள் நுழைகிறது. காலையில் ஆயர் உட்கார, சிலுவை மரத்தின் துண்டு மேசைமேல் வைக்கப்படுகிறது. ஒவ்வொருவராக நெற்றியாலும் கண்ணாலும் தொட்டு முத்துகிறார்கள். திருத்தொண்டர்கள் சுற்றி நின்று காவல் காக்கிறார்கள். முன்பொருமுறை யாரோ முத்தும் சாக்கில் மரத்தைக் கடித்து எடுத்துப் போய்விட்டாராம். பிறகு நண்பகல் முதல் மூன்று மணி வரை திறந்த முற்றத்தில் இடைவிடாத வாசிப்பு. திருப்பாடல்கள், இறைவாக்கினர், திருத்தூதர் எழுத்துகள், நற்செய்திகள். நடந்தது எதுவும் முன்னுரைக்கப்படாமல் நடக்கவில்லை என்பதைச் சனத்துக்குக் காட்டவே அந்த மூன்று மணி நேரம் என்று எஜேரியா எழுதுகிறார். பெரியவர் சிறியவர் என்றில்லாமல் எல்லாரும் அழுதார்கள் என்கிறார். எம்மாவுச் சாலையில் இருவருக்குச் சொல்லப்பட்ட பாடம், முந்நூற்று ஐம்பது ஆண்டு கழித்து ஒரு நகரத்துக்கே சொல்லப்படுகிறது. இந்தப் பெரிய வெள்ளியில் பதினான்கு நிலைகள் கிடையாது, கீழே விழும் காட்சிகள் கிடையாது. சாட்சியமும் கண்ணீரும் மட்டும்.

பாரசீகர் 614-லும், எகிப்தின் கலீபா அல்-ஹாக்கிம் 1009-லும் பேராலயத்தை அழித்தார்கள். 1099-ல் சிலுவைப்போர்ப் படை நகரைப் பிடித்தது. 1187-ல் சலாகுதீன் மீட்டார். 1342-ல் திருத்தலங்களின் காவலை பிரான்சிஸ்கன் துறவிகளுக்குத் திருத்தந்தை ஆறாம் கிளமெந்து உறுதிசெய்தார். ஐரோப்பியத் திருப்பயணிகளைத் தெருக்களில் கூட்டிக்கொண்டு போய் இடங்களைக் காட்டும் வழக்கம் அந்தத் துறவிகளின் கையில் வளர்ந்தது.

15-ஆம் நூற்றாண்டில் 1458-லும் 1462-லும் எருசலேம் போய்வந்த வில்லியம் வே என்ற ஆங்கிலேயப் பாதிரியார், தான் கண்ட 'நிலைகளை' எழுதிவைத்தார். அவர் காலத்துப் பயணிகள் நடந்த திசை இன்றைய திசைக்கு நேர் எதிர்: கல்வாரியில் தொடங்கி, பிலாத்துவின் வீட்டை நோக்கி. சாவிலிருந்து தீர்ப்புக்கு! இதற்கிடையே எருசலேம் போக முடியாத ஐரோப்பியர் தங்கள் ஊரிலேயே நடக்கத் தொடங்கினார்கள். நூரம்பர்க் நகரில் சிற்பி ஆதாம் கிராஃப்ட் 1500-களின் தொடக்கத்தில் ஏழு கற்சிற்பங்களைச் சாலையோரம் நிறுத்தி, பிலாத்துவின் வீட்டிலிருந்து எத்தனை அடி வைத்தால் அந்த இடம் வரும் என்று ஒவ்வொன்றிலும் பொறித்தார்.

பெல்ஜிய, டச்சுப் பகுதித் துறவிகளும் குருக்களும் வீட்டிலிருந்தே மனத்தால் போகும் திருப்பயண நூல்களை எழுதினார்கள். யான் வான் பாஸ்கென் என்ற கார்மல் துறவியின் நூல் 1563-ல் வந்தது. டெல்ஃப்ட் ஊரில் பிறந்த அட்ரிகோமியுஸ் என்ற குரு 1584-ல் எருசலேமைப் பற்றி எழுதிய நூல் பல மொழிகளில் பரவியது. நாம் இன்று சுற்றிவரும் முதல் பன்னிரண்டு நிலைகளின் வரிசை பெரும்பாலும் இந்த நூல்களில் உருப்பெற்றது. எழுதியவர்கள் அநேகமாக அந்தத் தெருவில் கால் வைத்தவர்கள் அல்லர். பிறகு அந்த நூல்களைப் படித்துவிட்டு வந்த பயணிகள், படித்த இடங்களை எருசலேமில் தேடினார்கள். தெரு மெல்ல மெல்லப் புத்தகத்துக்கு இசைந்தது. ஒரு வரலாற்று ஆசிரியனாக இதை எந்த வகுப்பிலும் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. மக்களின் பக்தி ஓர் ஊரின் நிலப்படத்தையே திருத்தி எழுதிய அரிய நிகழ்ச்சி இது.

1686-ல் பிரான்சிஸ்கன் கோவில்களில் நிலைகளை நிறுவ அனுமதி வந்தது. 1731-ல் பன்னிரண்டாம் கிளமெந்து எண்ணிக்கையைப் பதினான்காக நிலைநிறுத்தி மற்றக் கோவில்களுக்கும் வழிதிறந்தார். அதே துறவற சபையின் லெயோனார்து இத்தாலியெங்கும் ஐந்நூறுக்கு மேற்பட்ட இடங்களில் நிலைகளை நிறுவினார்; 1750-ல் ரோமின் கொலோசியத்திலும். எங்கள் ஊர்ச் சுவரில் உள்ள பதினான்குக்கும் அந்த 1731 ஆணைதான் மூலம்.

எருசலேமுக்கு நானும் ஒரு குழுவோடு போனேன். வெள்ளிதோறும் பிற்பகலில் பிரான்சிஸ்கன் துறவிகள் நடத்தும் சிலுவைப்பாதையில் நடந்தேன். தொடக்க இடம் ஓர் இஸ்லாமியப் பள்ளியின் முற்றம். அங்கிருந்து கல்லறைவரை ஏறக்குறைய 600 மீட்டர், நடுவில் கடைவீதி. மசாலா மூட்டைகள், பனியன்கள், ஒலிவ மரச் சிலுவைகள், சாறு பிழியும் மாதுளைகள். கடைக்காரர்கள் வியாபாரத்தை நிறுத்துவதில்லை. ஒதுங்கி வழி விடுகிறார்கள். அன்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பாஸ்காத் திருவிழாவுக்கு முந்திய நாள், கூட்டம், அவசரம், மூவர் மரத்தைச் சுமந்து போகிறார்கள். ஐந்தாம் நிலையில் சிற்றாலய வாசலருகே சுவரில் ஒரு கல் குழிந்திருக்கிறது. இயேசு கை ஊன்றிய இடம் என்று மக்கள் சொல்லித் தொட்டுத் தொட்டு வழுவழுப்பாகிவிட்டது. நானும் தொட்டேன். ஒன்பதாம் நிலையருகே, பேராலயத்தின் கூரைமேல், எத்தியோப்பியத் துறவிகள் மண்குடிசை போன்ற அறைகளில் வாழ்கிறார்கள். திருத்தூதர் பணிகள் நூலில், தேரில் அமர்ந்து எசாயாவின் அந்த அதிகாரத்தைப் படித்து, இது யாரைக் குறிக்கிறது என்று பிலிப்பிடம் கேட்டவர் ஓர் எத்தியோப்பிய அதிகாரிதான். கடைசி ஐந்து நிலைகளும் பேராலயத்தின் உள்ளே. அதன் கதவுச் சாவியைத் தலைமுறைகளாகக் காத்துவருவது ஓர் இஸ்லாமியக் குடும்பம்.

இந்தத் தெரு அந்தத் தெருவா? அநேகமாக இல்லை. 'இதோ மனிதன்' வளைவு என்று காட்டப்படுவது ஹாத்ரியன் காலத்தது. அதன் பக்கத்து மடத்தின் அடியிலுள்ள கற்தளமும் அவ்வாறே. ரோம ஆளுநர்கள் எருசலேம் வந்தால் தங்கியது நகரின் மேற்கே, யாப்பா வாசலருகே இருந்த ஏரோதின் அரண்மனை என்பதற்கு யோசேப்பும் அலெக்சாந்திரிய பிலோவும் சான்று. தீர்ப்பு அங்கே வழங்கப்பட்டதென்றால், இயேசு நடந்த வழி வேறு. இது தெரிந்தேதான் நடந்தேன், அழுதேன். எஜேரியாவின் சனம் அழுததும் தெருவுக்காக அல்ல.

மெசியா பாடுபட வேண்டும் என்பதை மனிதர் பலவிதமாய் விளக்கினார்கள். நம்மைப் பிடித்துவைத்திருந்த சாத்தானுக்குக் கொடுத்த மீட்புப்பணம் என்றார்கள் பழைய ஆசிரியர்கள் சிலர். நசியான்சு கிரகோரி 4-ஆம் நூற்றாண்டிலேயே அதைச் சகிக்க முடியாத பேச்சு என்று தள்ளினார். கான்டர்பரி பேராயர் ஆன்செல்ம் 1098-ல், நாடு கடந்து இத்தாலியில் இருந்தபோது, 'கடவுள் ஏன் மனிதரானார்' என்ற நூலை முடித்தார். பாவத்தால் கடவுளுக்கு உண்டான கடனை மனிதன் தீர்க்க வேண்டும், ஆனால் கடவுளால் மட்டுமே தீர்க்க முடியும். ஆகவே இருவருமாக ஒருவர் வேண்டும் என்பது அவர் வாதம். பின்னர் வந்த இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் நிதானமாகச் சொன்னார்: கடவுளால் வேறு வழியிலும் மீட்டிருக்க முடியும், ஆனால் இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. என் மனம் அக்குவினாஸோடு நிற்கிறது. மனிதர் படும் பாட்டை வெளியே நின்று தீர்த்துவைக்காமல் உள்ளே இறங்கிவந்த கடவுளைத்தான் என்னால் வணங்க முடிகிறது.

ஆன்செல்ம் அந்த நூலை எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளில் வெளியே நடந்ததையும் சொல்ல வேண்டும். 1096-ல், எருசலேமை மீட்கப் புறப்பட்ட சிலுவைப்போர்க் கும்பல்கள் ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரை ஊர்களான வோர்ம்ஸ், மைன்ஸ் முதலியவற்றில் யூதர்களைக் கொன்று குவித்தன, மெசியாவைக் கொன்றவர்கள் என்று சொல்லி. ராஷி இளமையில் கல்வி கற்ற ஊர்கள் அவை. இங்கேதான் என் மனம் கொதிக்கிறது. மெசியா சாக வேண்டியிருந்தது, அது கடவுளின் திட்டம், நம் பாவங்களே காரணம் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிட்டவர்கள், அந்தச் சாவுக்காக ஒரு மக்களினத்தையே தண்டித்தார்கள். தாங்கள் நம்புவதாகச் சொன்னதைத் தாங்களே நம்பவில்லை என்பதுதான் அதன் பொருள். திரெந்து பொதுச்சங்கத்தின் மறைக்கல்வி நூலே 16-ஆம் நூற்றாண்டில், இதில் குற்றம் கிறிஸ்தவப் பாவிகள்மேல்தான் கனமாக விழுகிறது என்று எழுதியது. ஆனாலும் பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரை இழிக்கும் சொல் 1959-ல்தான், இருபத்து மூன்றாம் யோவான் திருத்தந்தையின் காலத்தில் நீங்கியது. 1965 அக்டோபர் 28-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் பாடுகளுக்காக அன்றைய யூதர் அனைவர்மீதோ இன்றைய யூதர்மீதோ பழி சுமத்தக் கூடாது என்று அறிவித்தது. மிகத் தாமதம்.

தமிழ் பேசும் கிறிஸ்தவர்களுக்கு இந்தப் பக்தி வந்த வழியிலும் துன்பம் உண்டு. இலங்கையின் கரையோரப் பகுதிகளை டச்சுக்காரர் ஆண்டபோது அங்கே கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. கோவாவிலிருந்து 1705-ல் அங்கே போய், 1742-ல் இறக்கும்வரை உழைத்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், சிங்களத்திலும் தமிழிலும் இயேசுவின் பாடுகளைப் பற்றிய பிரசங்கங்களை எழுதினார். தமிழில் உள்ளது வியாகுலப் பிரசங்கம். தவக்காலத்தில் அதை ராகத்தோடு வாசிப்பது ஈழத்துக் கத்தோலிக்கரின் மரபு. அதே காலத்தில் இங்கே தமிழகத்தில் வீரமாமுனிவர், மகனை இழந்த தாயின் புலம்பலை 'அன்னை அழுங்கல் அந்தாதி'யாகப் பாடினார். வழிபாடே தடைசெய்யப்பட்ட அந்த ஈழத்து மக்களுக்கு, பாடுபட்ட ஆண்டவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த நெருக்கத்தைக் கெடுப்பவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றிச் சொல்லி அழுத ஒரு பெண்ணிடம், 'அது உனக்குக் கிடைத்த சிலுவை, சுமந்துகொள் மகளே' என்று ஒரு பெரியவர் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். பாடுபட வேண்டும் என்று இயேசு சொன்னது தம்மைப் பற்றி. பிறர் தோளில் அந்தச் சொல்லைத் தூக்கிவைக்க யாருக்கும் உரிமை இல்லை. ஐந்தாம் நிலையில் சிரேன் ஊர்ச் சீமோனைப் பிடித்து மரத்தைச் சுமக்க வைத்தவர்கள் ரோமப் படைவீரர்கள். நாம் யார் பக்கம் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரும் தவக்காலத்தில் சிலுவைப்பாதை நடத்தப்போகும் பங்குச்சாமியார்களிடமும் உபதேசியார்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் நிலையில், புத்தகத்தை விரிக்கும் முன்பு, பிள்ளைகளுக்கு இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். தீர்ப்பிட்டவர் ரோம ஆளுநர். தீர்ப்புக்கு உள்ளானவர் ஒரு யூதர், அவருடைய மக்கள் அதே ஊரில் ஆயிரக்கணக்கில் அதே சாவைச் செத்தார்கள். இதைச் சொல்லிவிட்டு இரண்டாம் நிலைக்குப் போங்கள்.